நானா கடையடி

அந்த யோசனை எனக்கு வந்தது நோர்வேயில், பேர்கன் நகரத்து மழைக்குள். பார்சல் கொண்டுவந்தவன் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று தொலைபேசியில் சொன்னான். மீன்கடைக்குப் பக்கத்து வாசல் என்றேன். "மீன்கடையா? இங்கே அப்படி எதுவும் இல்லை." நான் விடவில்லை, வடிவாகப் பார் என்றேன். குடையோடு இறங்கிப் போனால், யோகாசனம் பழக்கும் இடமொன்றின் முன்னால் அவன் நனைந்துகொண்டு நிற்கிறான். மீன்கடை மூடி இரண்டு குளிர்காலம் போய்விட்டது. எனக்கும் அது தெரியும். வாய்தான் பழையதைச் சொல்லிவிட்டது. "முன்பு இருந்தது," என்றேன். "முன்பு இருந்ததை நான் எப்படிப் பார்ப்பது?" என்றான். கோபமில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கமாட்டார்கள். நகரத்தில் எங்கள் ஒழுங்கை தொடங்கும் இடத்துக்குப் பெயர் நானா கடையடி. பஸ் நடத்துனர், ஓட்டோக்காரர், நான், எல்லோருக்கும் அதுதான் பெயர். முஸ்லிம் ஆண்களை அண்ணன் முறையில் நானா என்பது எங்கள் வழக்கம். ஆனால் அங்கே எந்த நானாவையும் நான் கண்டதில்லை. அங்கே தையற்கடை வைத்திருந்த நானா, தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது போனவர். நான் பிறந்தது அதற்குப் பிறகு. கடை பின்னர் வீடியோப் படக்கொப்பி வாடகைக்கு விடும் இடமாகி, வெளிநாட்டுக்குக் கதைக்க ஆட்கள் காத்துநிற்கும் கொமினிகேசனாகி, இப்போது என் பெரியம்மாவின் மகன் சுதன் அண்ணை போன் திருத்தும் இடமாகிவிட்டது. எதிரிலிருந்த பேக்கரி இப்போது லீசிங் கொம்பனி. பக்கத்தில் கோழிப்பொரியல். இவ்வளவு மாறியும் பெயர் மாறவில்லை. ஆனால் அது எங்கும் எழுதப்பட்டிருக்கவுமில்லை.

அன்று பின்னேரமே போனில் வரைபடத்தைத் திறந்து, சுதன் அண்ணையின் கடைமேல் ஒரு புள்ளி குத்தி, 'நானா கடையடி' என்று எழுதிப்போட்டேன். போன விடுமுறையில் கடைக்குள் எடுத்த படத்தையும் சேர்த்தேன்: சுவரில் பதித்த ஆளுயரக் கண்ணாடி, அதன்மேல் தொங்கும் போன் உறைகள். தைத்த உடுப்பைப் போட்டுப் பார்க்கவென்று நானா வைத்த கண்ணாடி. இப்படியே முழு நகரத்தையும் குத்திவிடலாம் என்று எனக்குக் கால் நிலத்தில் இல்லை.

சில வாரங்களில் படத்தின் கீழ், வெளியேற்றப்பட்டவர்கள் பலர் போய்த் தங்கிய புத்தளத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அது தன் தகப்பனின் கடை; கண்ணாடியை வாப்பா அடையாளம் கண்டுவிட்டார்; இப்போதும் இருக்கிறதா? "இருக்கு, கட்டாயம் வாங்கோ" என்று எழுதி, என் இலக்கத்தையும் கொடுத்தேன். யாருடைய வாசலுக்கு யாரை அழைக்கிறேன் என்று யோசிக்கவேயில்லை.

அவர்கள் போனார்கள். அடுத்த நாள் சுதன் அண்ணை போன் எடுத்தார்.

"என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறாய்? கடைச் சொந்தக்காரர் அரியாலையிலை இருந்து வந்து கத்திப்போட்டுப் போறார். பழைய ஆக்கள் உரிமை கேட்டு வந்திட்டினமாம். பேரை எடுக்காட்டி நான் கடையை விட்டு எழும்போணுமாம்."

"ஊரெல்லாம் சொல்லுற பேர்தானே அண்ணை?"

"சொல்லுவினம். சொல்லுறதுக்கு ஆர் பயந்தது? நீ எழுதியெல்லோ போட்டனி. எழுதினால் அது காணி உறுதிப் பத்திரம் மாதிரி. நீ அங்கை ஒரு பட்டனை அமத்த, இஞ்சை பூட்டுறது என்ரை கடை."

"வந்தவை என்ன கேட்டவை?"

"ஒண்டும் கேக்கேல்லை. அந்த மனிசன் வாசல்லை நிண்டு உள்ளுக்கு எட்டிப் பாத்தது. நான் மறைச்சுக்கொண்டு நிண்டனான். வாங்கோ எண்டு சொல்ல வாய் வரேல்லை. ஒரு சோடா கூட உடைச்சுக் குடுக்கேல்லை பிள்ளை."

எங்கள் ஊரில் வந்தவருக்குச் சோடா உடைக்காமல் அனுப்புவது, கதை பேச்சில்லாத கோபக்காரருக்குக்கூடச் செய்யாத வேலை. ஆனால் அண்ணையின் குடும்பம் அந்தக் கடையை நம்பித்தான் இருக்கிறது. பெயரை அழித்தேன்.

மறுநாள் புத்தளத்திலிருந்து குரற்செய்தி. "தங்கச்சி, பேரக் காணல்லையே. நாங்க கட கேட்டு வரல்ல. வாப்பாக்கு அந்தக் கண்ணாடியில ஒருக்கா நிண்டு பாக்கணும், அவ்வளவுதான். கடக்காரத் தம்பிக்குக் கரைச்சலெண்டா விடுங்க."

விடத்தான் முடியவில்லை. நான் ஊரைவிட்டு என் விருப்பத்தில் வந்தவள். என் பெயரில் அங்கே ஒரு தெருமுடக்குக்கூட இல்லை. ஆனாலும் போனால் என்னை வாசலில் நிறுத்தமாட்டார்கள். நானாவுக்கு அங்கே பெயர் மட்டும் இருக்கிறது.

கோடை விடுமுறைக்குப் போகிறேன். வரைபடத்தைத் தொடப்போவதில்லை. முதலில் அரியாலைக்குப் போய், கடைச் சொந்தக்காரருக்கு முன்னால் இருந்து கதைக்கப்போகிறேன்: ஒரு பகல் அந்த மனிதர் கடைக்குள் வந்து போகட்டும், நீங்களும் வந்து நில்லுங்கோ என்று. ஓம் என்பாரா, தெரியாது. சுதன் அண்ணையிடம் சொன்னபோது, போன் உறைகளைக் கழற்றுவது பெரிய வேலையில்லை என்றார். சரிவந்தால், பஸ் நிலையத்தில் வாப்பாவையும் மகனையும் நானே ஓட்டோவில் ஏற்றுவேன். எங்கே என்று ஓட்டோக்காரர் கேட்பார். அந்த இடத்துக்கு எனக்கு வேறு பெயர் தெரியாது. நானாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நானா கடையடி என்று சொல்லவேண்டும்.