கையொப்பமில்லாத 'இல்லை'

நிர்வாகத்தில் ஒரு விதி உண்டு. கேட்டது இல்லையென்றால், 'இல்லை' என்று எழுதி ஒருவர் கையொப்பமிட வேண்டும். கணினிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஓய்வுக்குப் பின் நான் செயலாளராக இருக்கும் இரத்ததானச் சங்கத்தில், மறுநாள் பிரசவ அறுவைச் சிகிச்சைக்குப் போகும் ஒரு பெண்ணுக்காக இரண்டு ஓ நெகட்டிவ் கொடையாளர்களைத் தேடினோம். திரையில் ஒருவரும் வரவில்லை. வாசலில் நின்ற கணவரிடம் கைவிரிக்கப் போனேன்.

"பொறுங்கோ ஐயா" என்றார் எங்கள் மென்பொருளைப் பார்க்கக் குருநகரிலிருந்து வரும் பொறியியலாளர். உயரமான பெண், மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை மீன்பிடிக்கும் தங்கூசி நூலால் கட்டியிருப்பார். வெற்றுப் பட்டியலை அவர் நம்பவே மாட்டார். நிச்சயம் இருக்கும் ஒன்றைக் கேட்டுப் பார்ப்பார். அன்று தன் பெயரையே தேடினார். அதுவும் இல்லை.

"நானும் ஓ நெகட்டிவ்தான், நானே பதிஞ்சனான். அப்ப நான் ஆர், பேயோ?"

"எனக்கு முந்தியே சந்தேகம்" என்றேன்.

சிரித்தபடியே கண்டுபிடித்தார். கடவுச்சொல் காலாவதியானதால் சர்வர் மறுத்திருக்கிறது. இடையில் நின்று பதிலைக் கொண்டுவரும் ஜாவா நிரல் தொகுப்பு, அந்த மறுப்பை மறைத்து வெற்றுப் பட்டியலை நீட்டியிருக்கிறது.

"பிழையெண்டு சொல்லாமல் ஆக்களே இல்லையெண்டெல்லே சொல்லுது. உது பச்சைப் பொய், ஐயா."

கடவுச்சொல்லை மாற்றியதும் பெயர்கள் வந்தன. கொழும்புத்துறைக்காரர் ஒருவர் "இப்பவே வாறன்" என்றார். பொறியியலாளரும் அவரோடு இரத்தம் கொடுக்கப் போனார்.

திரும்பி வந்து, அந்தத் தொகுப்பை எழுதிய வெளிநாட்டுக்காரருக்கு முறைப்பாடு அனுப்பினார். அவ்வளவு மரியாதையாகவும், தப்பிக்க இடமில்லாமலும் என் சேவைக்காலத்தில் நான் ஒன்றும் எழுதியதில்லை. திருத்திவிட்டோம் என்ற பதில், அந்தப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்கன்று வந்தது.