அக்காட வீடு வாவி தாண்டின வருஷம்

ஊறின வைக்கோல், சேறு, பத்தாத ஈர விறகுப் புகை... மாரி தொடங்கினா பழுகாமத்தில எங்கட வீட்டுக்குள்ள இந்த மணம்தான். உடுப்பில, பாயில, தலைமயிரில எல்லாம் இருக்கும்.

எனக்குத் தொண்ணூறு கிட்டுது. நான் சொல்லச் சொல்ல பேத்தி போன்ல டைப் பண்ணுறாள். பிழை இருந்தா அவளுக்கு ஏசுங்க.

நான் சொல்லுறது உலக சண்டை நடந்த காலம்.

எங்கட வாவிக்கு ரெண்டு கரை. மேற்கால படுவான்கரை, அது எங்கட பக்கம். வட்டை வட்டையா வயல். கிழக்கால எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் நடுவில மணல்.

ரெண்டு கரையிலயும் மழை பெய்யும். அங்க பெய்ஞ்ச மழையை மணல் குடிச்சிரும். இஞ்ச காட்டுத் தண்ணியும் சேந்து வந்து வாசல்ல ஏறி நிக்கும். வடிஞ்சா நுளம்பு... பிறகு நடுக்கக் காய்ச்சல். கோடையில அங்க கடல் காத்து. எங்களுக்குக் கச்சான் காத்து, நெருப்பு மாதிரி.

அப்ப ஏன் இஞ்ச இருந்தம்? நெல்லு. அந்த வெள்ளம் வாற மண்ணிலதான் வெள்ளாம விளையும்.

எங்கட வழக்கத்தில வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான். கலியாணம் முடிச்சா மாப்பிள்ள வந்து பொண்டாட்டி வீட்டில இருப்பார். பாக்கியம் அக்காவுக்கு எண்டு அப்பா எங்கட வளவுக்குள்ளேயே வீடு கட்டினார். முதிரை மரக் கதவு, நல்ல நிலை... அவர் கையால இழைச்சது.

அத்தான் எழுவான்கரை ஆள். பங்குனியில வந்தார், அறுவடை முடிஞ்சு ஊரே நெல்லு மணக்கிற நேரம்.

"இதை விட்டுப்போட்டு ஆர் மாமா அந்த மணலுக்குள்ள இருப்பான்?" எண்டார். அப்பாவுக்கு அண்டைக்குச் சந்தோஷத்தில கால் நிலத்தில படல்ல.

பிறகு மாரி வந்திச்சு.

அக்காவுக்கு நிறைமாசம். அவவுக்குக் காய்ச்சல் பிடிச்சிட்டு. நடுங்கின நடுக்கத்தில கட்டில் சத்தம் போட்டது இன்னும் காதில இருக்கு. மருத்துவிச்சி வந்து வயித்தைத் தொட்டுப் பாத்திட்டு, "அக்கரைக்குக் கொண்டு போங்க கா. இது எனக்கு ஏலாது" எண்டு சொல்லிட்டா. டொக்டர், காய்ச்சலுக்குக் குடுக்கிற கொயினா மருந்து எல்லாம் அக்கரையில.

றோட்டு வெள்ளத்துக்குள்ள. வாவியில வாடைக்காத்து.

"காத்து விழட்டும் அண்ணே. இந்த அலைக்குத் தோணி நிக்காது" எண்டு தோணிக்காரர் சொன்னார். அவரிலயும் பிழை சொல்ல ஏலாது. அவருக்கும் புள்ள குட்டி இருந்திச்சு.

காத்து விழயில்ல. கடைசியில அப்பாவும் அத்தானும் தாங்களே தோணியை இறக்கினாங்க. அம்மா அக்காட தலையை மடியில வச்சிருந்தா. அக்கா என்ர கையை விடாததால என்னையும் ஏத்திட்டாங்க. மத்தக் கையால நான் சிரட்டையில தண்ணி இறைச்சன். அள்ள அள்ள வந்திச்சு. கரை தெரியயில்ல. அப்பா முருகனைக் கூப்பிட்ட சத்தத்தை நான் அதுக்கு முதலும் கேக்கல்ல, பிறகும் கேக்கல்ல.

ஒரு மாதிரி அக்கரைக்குப் போய்ச் சேந்தம். அக்கா பிழைச்சா.

புள்ள அழயில்ல. ஆம்புளப் புள்ள.

அத்தானிட ஆக்கள் வீட்டில அக்கா எழும்பி இருந்த அண்டைக்கு அம்மா அப்பாட்டச் சொன்னா. சத்தமே போடல்ல.

"என்ர புள்ள இனி அந்தக் கரையில மாரிக்கு இருக்கமாட்டாள்."

"அவளுக்கெண்டு கட்டின வீடு கா அது. ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் வந்து தோணி வலிச்சதா?"

அப்பா எழும்பி வெளியில போயிட்டார்.

அந்த முறை நெல்லு வெட்டி முடிஞ்ச உடன அவர் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வீட்டைக் கழட்டினார். கதவு, நிலை, கூரை வளை, கைமரம் எல்லாம் தோணியில ஏத்தி அக்கரைக்குப் போச்சு. அத்தானிட வளவில அதே மரத்தால அக்காவுக்கு வீடு எழும்பிச்சு. எங்கட வளவில மண் சுவர் மட்டும் நிண்டிச்சு. அடுத்த மாரியில அதுவும் கரைஞ்சிட்டு.

அப்பா மட்டும் வரல்ல. "மணல்ல நான் என்னத்தை விதைக்கிற?" எண்டார். அதுவும் ஞாயம்தானே.

அதுக்குப் பிறகு மாரிக்கு எங்கட குடும்பத்துக்கு ரெண்டு அடுப்பு. அம்மாவும் நானும் அக்காவோட. அப்பா தனிய. மழை வலுத்தா அந்தக் கரை தெரியாது. அப்பிடி இருந்தும் அம்மா பின்னேரத்தில போய் வாவிக்கரையில நிப்பா. கேட்டா, "சும்மா" எண்டுவா.

பிறகு அக்காவுக்கு ரெண்டு புள்ளைகள் பிறந்தாங்க, ரெண்டும் மணல்லதான். நல்லா இருந்தாங்க.

அப்பா செத்தது ஒரு மார்கழியில. ஆள் வந்து சொன்னப்ப வாவி அக்காவைக் கொண்டு போன அண்டைக்குப் போலத்தான் கிடந்திச்சு. அத்தான் மறிச்சுப் பாத்தார். அக்கா கைக்குழந்தையை என்னட்டத் தந்திட்டு அம்மாவோட தோணியில ஏறிட்டா. மாரியில அவ படுவான்கரைக்குப் போனது அந்த ஒரு தரம்தான்.

இப்ப பாலம் இருக்கு. பஸ் ஓடுது. மலேரியாக் காய்ச்சல் எண்டா இந்தப் புள்ளைகளுக்கு என்னெண்டே தெரியாது. வெள்ளம் மட்டும் இன்னும் வருது... வந்தா போன்ல வீடியோ எடுத்து அனுப்புதுகள்.

அக்காட பேரன் ஒருவன் வெள்ளாம செய்ய எண்டு படுவான்கரையில காணி வாங்கி, அத்திவாரத்தை உயத்தி வீடு கட்டி இருக்கிறான். போன கார்த்திகையில அவன்ட பொஞ்சாதி அங்கேயே ஆஸ்பத்திரியில புள்ள பெத்தா. அண்டைக்கும் அடைமழை. அவன் வீடியோ கோல் எடுத்துப் புள்ளையைக் காட்டினான். பொம்புளப் புள்ள. தொண்டை கிழிய அழுதாள். எல்லாரும் சிரிச்சாங்க.

"பயமா இருக்கல்லையா மனே, இந்த மழைக்குள்ள?" எண்டு கேட்டன்.

"மழையா அம்மம்மா?" எண்டு கேட்டிட்டு யன்னல் பக்கம் திரும்பிப் பாத்தான்.

அப்பதான் அவன் கவனிச்சிருக்கிறான், மழை பெய்யுது எண்டு.