மூன்றாவது பலூன்

பாலினே உட்கார்ந்து நான் பார்த்ததே குறைவு. கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில், எங்கள் ஊர் வானிலை நிலையத்தில் பதினொரு வருடமாகப் பலூன் விடுகிறவள் அவள். வாயு நிரப்பித் தருவது நான். பலூன் சீராக ஏறினால் மேலே காற்று அமைதி. தயங்கியும் துள்ளியும் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத கொந்தளிப்பு. அவள் சரி என்றால்தான் ஹெலிகாப்டர் கிளம்பும். தலைநகரத்துக் கணினியும் சொல்லும்தான், ஆனால் எங்கள் மலையைப் பற்றி அதற்கு ஒரு மண்ணும் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கணினியை நம்பி, காற்று ஒன்றுமில்லை என்று தன் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவர் கடலுக்குப் போனார். பனிமலையிலிருந்து இறங்கும் பிதெராக் காற்று அவரைப் படகோடு கொண்டுபோய்விட்டது. அதே வருடம் அவள் தங்கைக்குப் பெண் பிறந்ததும் அவர் பெயரையே வைத்தார்கள், மித்தெக் என்று. பெயர் வந்தால் ஆளே வந்த மாதிரி எங்களுக்கு. பாலினே அந்தச் சிறுமியை ‘அப்பா’ என்பாள். அதுவும் இவளை ‘மகளே’ என்று அதட்டும்.

இந்த மார்ச்சில் ஒரு காலை, தங்கை குடும்பம் இருக்கும் எதிர்க்கரையிலிருந்து செவிலி கூப்பிட்டாள். மித்தெக்குக்குக் குடல்வால் வீங்கிவிட்டது, இன்றே எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து அறுக்க வேண்டும். கணினி அமைதி என்றது. விமானி ரூனே தயாராக நின்றான். எங்கள் பலூனோ நூறு மீட்டரிலேயே சறுக்கி இறங்கி, பிறகு எகிறியது. போகக்கூடாது என்றாள் பாலினே. உடனே தங்கை போனில் வந்தாள்.

“அப்பாவ ரெண்டாவது தடவையும் சாகக் குடுக்கப் போறியா?”

பாலினே போனை வைத்தாள். ஜன்னலுக்கும் பலூன் கணக்கு வரும் திரைக்குமாக நடந்தாள். காபியை ஊற்றி மறந்துவிட்டு, இன்னொரு கோப்பையில் ஊற்றினாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். இரண்டாவது பலூனும் அதே ஆட்டம் ஆடியது. ஒரு நாளைக்கு இரண்டுதான் விடலாம் என்பது விதி. மூன்றாவதை நிரப்பச் சொன்னாள், வாயைத் திறக்காமல் நிரப்பினேன்.

அது ஏறத் தொடங்கியதும் திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

“நீங்க படிங்கண்ணே. நல்லபடியா இருக்கணும்னு மனசு கெடந்து அடிக்குது. இன்னிக்கி என் கண்ண நம்ப முடியாது.”

வினாடிக்கு ஐந்து மீட்டர். மறுபடி ஐந்து. மறுபடியும் ஐந்து. திரையைப் பார்த்துப் படித்தேன். இந்த முறை முந்நூறு மீட்டர் வரை சீராக இருந்தது, அதற்கு மேல் பழைய கூத்துதான். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வானொலியை எடுத்தாள்.

“ரூனே, கரைய ஒட்டியே போ. எரநூறு மீட்டருக்கு மேல ஏறாத. நாப்பது நிமிஷத்துல காத்து கீழ எறங்கிடும், அதுக்குள்ள திரும்பிடணும்.”

“கம்ப்யூட்டர் மேலயே போலாங்குதே?”

“விழுந்தா அதா வந்து ஒன்னப் பொறுக்கும்?”

ஹெலிகாப்டர் தளத்தின் ஓரத்தில் அவள் நடந்த நடையில் பனி பாதையாகிவிட்டது. முப்பத்தெட்டாம் நிமிடம் ஹெலிகாப்டர் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கம்பத்தில் தொங்கிய காற்றுப்பை மலைக்காற்றில் விறைத்து நீட்டிக்கொண்டது. படுக்கையோடு மித்தெக்கை இறக்கினார்கள். முகம் வெளிறியிருந்தது, அதிகாரம் மட்டும் குறையவில்லை.

“ஏன் மகளே இவ்ளோ நேரம்?”

“காத்து சரியில்லப்பா. அதான் விடல.”

சிறுமி கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப சரி.”

ஆஸ்பத்திரி வண்டி அவளை ஏற்றிக்கொண்டு போனது. பாலினே நின்ற இடத்திலேயே, பனியில் உட்கார்ந்துவிட்டாள்.