பேப்பர் ரூமில் இருந்த பிரேக் ஆயில்

மாசி மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, எங்கள் காரின் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கியது. அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பதினொன்று ஐம்பது ஆனது. இடையில் போன அந்த அரைமணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் சிவகாசியில் ஒரு பிரஸ் நடத்துகிறேன். காலண்டரும் பட்டாசுப் பெட்டி லேபிளும்தான் தொழில். என் மனைவியின் தம்பிக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி. இருவரும் சேர்ந்து, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தோம். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள பந்தயப் பாதையில், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கென்று ஒருநாள் பயிற்சி நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தை மாதக் கடைசியில் பெயர் கொடுத்தோம். ஒரே கார்; ஆளுக்கு ஒரு முறையாக மாற்றி மாற்றி ஓட்டுவதாக ஏற்பாடு.

பெயர் கொடுத்த அன்றே பிரேக்கைப் பற்றிய சண்டை தொடங்கியது. மைத்துனன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். பெரிய டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் ஆறு பிஸ்டன் சிவப்புக் காலிப்பர், முழு செட்.

"இத மாட்டுனா சுவத்துல மோதுன மாதிரி நிக்கும் அத்தான்."

"சுவத்துல மோதக் கூடாதுன்னுதான மாப்ள பிரேக்கு."

"எதையும் படிச்சுட்டுத்தான் செய்வீக. நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள வண்டி பழசாயிரும்."

"வாங்கும்போதே பழசுதான."

படிக்கத்தான் செய்தேன். இரண்டு வாரம், கிடைத்த கட்டுரை எல்லாவற்றையும் படித்துக் குறிப்பெடுத்தேன். வண்டியோடு வந்த பிரேக்குக்கே சக்கரத்தை இறுக்கி நிறுத்தும் பலம் இருக்கிறது. புதிதாக ஓட்டுகிறவனைக் கவிழ்ப்பது பலக்குறைவு அல்ல, சூடு. வளைவுக்கு வளைவு மிதிக்க மிதிக்க, டிஸ்க்கை உரசி நிறுத்தும் பேடு சூடேறிப் பிடி விடுகிறது, குழாயில் உள்ள ஆயில் கொதிக்கிறது. பெரிய காலிப்பர் மாட்டினால் சக்கரத்தையும் பெரிதாக்க வேண்டும். முன் பிரேக்குக்கும் பின் பிரேக்குக்கும் உள்ள சமநிலையும் மாறிவிடும். ஆகவே சூடு தாங்கும் பேடு, கொதிநிலை கூடிய ஆயில், கம்பிவலை சுற்றிய குழாய். இந்த மூன்றும் போதும் என்றேன்.

"சரி, ஒங்க பேச்சு. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, பங்குனியில சிவப்புக் காலிப்பர்" என்றான். ஒப்புக்கொண்டேன்.

வேலை விருதுநகரில் நடந்தது. அங்கே பல வருடமாக எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் பாய், வெள்ளிக்கிழமை காலையில் பேடையும் குழாயையும் மாற்றி முடித்து ஆயிலைக் கேட்டார். இரண்டு டப்பாக்களை நீட்டினேன். ஒன்றைக் கையில் திருப்பிப் பார்த்தார்.

"இது தொறந்த டப்பா மாதிரி இருக்கே அண்ணாச்சி."

ஆவணியில் கிளட்சுக்காகத் திறந்தது. கால்வாசி போக மீதி இருந்தது. திறந்த தேதியை மூடியில் எழுதியிருந்தேன்.

"மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு பாய். பிரஸ்ல பத்திரமா வச்சிருந்தேன்."

"காத்துல இருக்க ஈரத்தையெல்லாம் குடிக்கும் இது. புது டப்பா மெட்ராஸ்ல இருந்து வரணும், ரெண்டு நாளாகும்."

"நம்ம ஊரு காத்துல ஈரம் எங்கன பாய் இருக்கு? அது இல்லாமத்தான பட்டாசும் பிரஸ்ஸும் இங்கன வந்துச்சு?"

பாய் சிரித்தார். மறுபடியும் டப்பாவைப் பார்த்தார். பிறகு ஊற்றினார். மதியம் சாத்தூர் ரோட்டில், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிற கூட்டம் குறைந்த பிறகு, பத்துத் தடவை வேகமெடுத்து பிரேக் மிதித்துப் புதுப் பேடைப் பழக்கினோம். மைத்துனனுக்கே பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முதல் இரண்டு முறைகளும் குறையில்லாமல் போயின. பயிற்சியாளர் காலையிலேயே எல்லோரிடமும் சொல்லியிருந்தார்: பெடல் இறங்கினால் வெட்கப்படாமல் உள்ளே வந்துவிடுங்கள், சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது முறையில் என் கடைசிச் சுற்று. நீளமான நேர்ப்பாதையின் முடிவில் மிதித்தேன். பெடல் எதிர்பார்த்த இடத்தில் நிற்காமல், ஈர மண்ணில் கால் வைத்ததுபோல இறங்கியது. மறுபடி மிதித்தேன். பிடித்தது. வளைவில் திரும்பிவிட்டேன். உள்ளே வந்து நிறுத்தியதும், சட்டைப் பையில் இருந்த குறிப்பேட்டில் 11.20 என்று எழுதினேன். பக்கத்தில் என்ன நடந்தது என்று எழுதவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு மறுபடி ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. அப்படியானால் கோளாறு என் காலில்தான் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. பெடல் இறங்கியது என்று சொன்னால் இரண்டு வாரம் நான் பேசிய பேச்சு முழுவதும் காற்றில் போகும். பங்குனியில் சிவப்புக் காலிப்பர் வரும்.

மைத்துனன் ஹெல்மெட்டோடு வந்தான்.

"என்ன அத்தான், முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"வெயிலு மாப்ள."

"பிரேக்கு எப்படி?"

"நல்லா நிக்குது."

அவன் போய்விட்டான். நான் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் என்னைவிட வேகமாகப் போவான், என்னைவிடத் தாமதமாக பிரேக் மிதிப்பான். நேர்ப்பாதையின் முடிவில் பின்விளக்குகள் சிவப்பாக எரிவது அங்கிருந்து தெரியும். முதல் சுற்றில் எரிந்தன, வண்டி திரும்பியது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. இரண்டாவதில் விளக்கு எரிந்த நேரம் கொஞ்சம் கூடுதல் என்று எனக்குப் பட்டது.

பாயிடம் பேசிய பேச்சு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் இல்லை என்பது உண்மைதான். ஈரம் இல்லாததால்தான் பேப்பர் சுருண்டு மெஷினில் சிக்குகிறது. அதற்காகவே பேப்பர் ரூமில் ஈரப்பதம் ஏற்றும் மெஷினை இரவு பகலாக ஓட்டுகிறேன். விலை கூடிய எந்தப் பொருளையும் வெயில் படாமல் அந்த அறையில் வைப்பது என் பழக்கம். டப்பாவையும் அங்கேதான் வைத்திருந்தேன். ஊரிலேயே ஈரமான அறையில், திறந்த டப்பா, ஆவணியிலிருந்து மாசி வரை. மூடியில் தேதி எழுதியவன் நான். அந்தத் தேதியிலிருந்து உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று நான் யோசிக்கவில்லை. தண்ணீர் கலந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். கொதித்த ஆவி அழுத்தினால் அமுங்கும். பெடல் கீழே போகும். ஆறினால் மறுபடி கல்லாகும்.

கொடி காட்டுகிறவரிடம் ஓடினேன்.

"அந்த நீல வண்டிய உள்ள கூப்பிடுங்க. பிரேக்கு போகப்போகுது."

"எப்படிங்க தெரியும்?"

"போன தடவையே இறங்குச்சு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியை உள்ளே கூப்பிடும் கறுப்புக் கொடியை எடுத்தார். ஆனால் வண்டி அந்த இடத்தைக் கடந்து வரும்போதுதான் காட்ட முடியும். காத்திருந்தோம். வந்தது. கொடியைப் பார்த்ததும் அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தது சத்தத்திலேயே தெரிந்தது. ஆனால் உள்ளே வரும் வழி அடுத்த சுற்றின் முடிவில்தான். அதற்கு முன்னால் நேர்ப்பாதையையும் அதன் முடிவில் உள்ள வளைவையும் கடந்தாக வேண்டும்.

பின்விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. வண்டி வளைவில் திரும்பவில்லை. நேராக மண்ணுக்குள் போனது. புழுதி எழுந்து வண்டியை மறைத்தது. எதுவும் மோதிய சத்தம் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அப்போது நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. புழுதிக்குள்ளிருந்து நீல வண்டி மெதுவாக ஊர்ந்து வெளியே வந்தது.

உள்ளே வந்து இறங்கியவன் ஹெல்மெட்டைக் கழற்றி, வைக்க இடம் தெரியாதவன் மாதிரி கையிலேயே வைத்திருந்தான்.

"பெடல் தரையில போய் உக்காந்துருச்சு அத்தான். மூணாவது மிதிக்குத்தான் புடிச்சுது. கொடியப் பாத்து வேகத்தக் கொறச்சிருந்தேன், இல்லாட்டி..."

"அதுல பாதி பழைய டப்பா ஆயிலு மாப்ள. பேப்பர் ரூம்ல வச்சிருந்தேன்."

"தண்ணிப் புகை விடுற மெஷின் ஓடுமே, அந்த ரூம்லயா?" வேறு எவராக இருந்தாலும் நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். நாள் முழுவதும் பட்டாசு மருந்தை ஈரம் படாமல் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு வார்த்தை போதும். "என் கம்பெனி மருந்து மூட்டைய அந்த ரூம்ல வைக்கச் சொன்னா வைப்பீகளா?"

"வைக்க மாட்டேன்."

"நான் மண்ணுல எறங்குறதுக்கு முன்னாடியே கொடி காட்டுனாக. யாரு சொன்னா?"

"நான்தான்."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பதினொண்ணு இருவதுக்கு."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். "நான் பிரேக்கு எப்படின்னு கேட்டேன்ல."

"கேட்ட."

மற்ற வண்டிகள் நின்ற பக்கம் போனான். திரும்பி வந்தபோது கையில் சீல் உடைக்காத இரண்டு டப்பாக்கள் இருந்தன. மதுரையிலிருந்து வந்த ஒருவரிடம் கேட்டு வாங்கியிருந்தான்.

"அக்காகிட்ட நான் சொல்லிக்கிடுறேன். நீங்க சொன்னா மணி, நிமிஷமெல்லாம் போட்டுச் சொல்லுவீக" என்றான். சிரிக்கவில்லை.

சக்கரங்கள் ஆறியதும் பழைய ஆயிலை வெளியேற்ற ஆரம்பித்தோம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே உட்கார்ந்து திருகாணியைத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அவன் ஸ்பானரோடு கீழே உட்கார்ந்தான். என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னான்.

"மிதிங்க. புடிங்க. நான் சொல்லாம காலை எடுக்காதீக."

நான்கு சக்கரத்துக்கும் இதே வார்த்தைகள்தான். மிதிங்க, புடிங்க, விடுங்க. அவன் சொல்லும்வரை நான் காலை எடுக்கவில்லை. கடைசிச் சக்கரம் முடிந்ததும் எழுந்து வந்து கதவருகே நின்றான். தானே ஏறி மிதித்துப் பார்ப்பான் என்று நினைத்து இறங்கப் போனேன். தடுத்தான்.

"பெடல் எப்படி இருக்கு?"

மூன்று தடவை மிதித்துப் பார்த்தேன்.

"கடைசியில கொஞ்சம் இறங்குது மாப்ள."

"அப்ப இன்னொரு தடவ" என்று சொல்லிவிட்டு மறுபடி சக்கரத்தருகே போய் உட்கார்ந்தான்.