மெட்டி விரல்

திருத்தங்கல் அருணாதேவி என் சித்தி வள்ளித்தாயின் மூத்த மகள். அவளும் தங்கை பாண்டிமீனாவும் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். காகிதக் குழாயில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. போன சீசனில் பக்கத்து அறை வெடித்தபோது இருவரும் எழுந்து ஓடினார்கள். தங்கை அக்காவின் வலது கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குள் வாசலில் கிடந்த சரக்கும் தீப்பிடித்து வெடித்துவிட்டது. அருணா வெளியே வந்து விழுந்தாள். பாண்டிமீனா வரவில்லை. அருணாவின் கட்டை விரலும் வரவில்லை.

புண் ஆறியது. பிடி மட்டும் விடவில்லை.

"மீனா இப்பவும் பிடிச்சிருக்காண்ணே," என்றாள் அருணா ஒருநாள் வீடியோவில், வெயில் அடிக்கிறது என்று சொல்கிற மாதிரி. "காலையில லேசா இருக்கும். பொழுது சாய இறுக்கிருவா."

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். கவலை வந்தால் தேடித் தேடிப் படிப்பது என் வழக்கம். துண்டான உறுப்பை மூளை இன்னும் மறக்காமல் வைத்திருக்கும், அதனால்தான் இப்படித் தோன்றுகிறது என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப அந்த மூளையில அவ இருக்காள்ல?" என்றாள்.



கட்டை விரல் இல்லாத கையால் எதையும் பிடிக்க முடியாது. மற்ற நாலு விரலும் சும்மா மடங்கி நிமிரும், அவ்வளவுதான். மதுரையில் ஒரு டாக்டர், காலின் இரண்டாம் விரலை எடுத்துக் கட்டை விரலாக வைக்கலாம் என்றார். தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக் குழாய்களையும் நரம்பையும் தைப்பார்களாம். அருணா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: புது விரல் வந்தால் பழைய விரலில் இருக்கிற உணர்ச்சி போய்விடுமா?

"அநேகமாப் போயிரும்மா, பயப்படாதீங்க," என்றார் அவர். நல்ல சேதி சொன்னதாகவே அவருக்கு நினைப்பு.

அதற்குப் பிறகு அவள் ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் புருஷன் ஜெயபாண்டி லோடு வண்டி ஓட்டுகிறவர். இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். சித்திதான் விடாமல் அரித்தாள். "ஒருத்தியத்தான் முழுசாக் குடுத்துட்டேன். நீயாவது முழுசா இரு தாயி." அந்தப் பேச்சுக்குத்தான் அவள் ஒத்துக்கொண்டாள்.

காலின் இரண்டாம் விரல் என்றால் மெட்டி போடுகிற விரல். அதைக் கழற்றியபோது ஜெயபாண்டி சிரிக்க வைக்கப் பார்த்தார். "இனிமே இத எங்கன போடுவ? கையிலயா?"

"ஒங்க மூக்குல போடுறேன், வாங்க."

சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் உயிரோடு இருக்கையில் மெட்டி கழன்ற விரல் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன் மருதாணி அரைத்து, அந்த விரலுக்கு மட்டும் தொப்பி மாதிரி அப்பிவிட்டாள். "வேற எடத்துக்குப் போற விரலு. மூளியாவா அனுப்புறது?"

மறுநாள் அதைப் பார்த்த டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். தைத்த விரல் பிழைக்கிறதா என்பதை நிறத்தை வைத்துத்தான் சொல்வார்கள். நகத்தை அழுத்தினால் வெளுத்து, விட்டதும் ரோஜா நிறம் திரும்ப வேண்டும். இதில் நகமும் சதையும் ஒரே செம்பழுப்பு. தேய்த்தாலும் போகாது. தள்ளிப்போட மனமில்லாமல், ஊசியால் குத்திச் சொட்டும் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அறுவை செய்தார். நல்லபடியாக முடிந்தது.

அடுத்த நாள் மதியம். அறையில் ஏசி கிடையாது, காப்பி கிடையாது. ரெண்டும் ரத்தக் குழாயைச் சுருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நர்ஸ் சினேகா வந்து குத்திப் பார்த்தாள். நல்ல சிவப்பு. போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அருணாவுக்குக் கை கனத்தது. அதோடு அந்தப் பிடி வந்தது, இதுவரை இல்லாத இறுக்கத்தோடு. புது விரலை இடது கையால் தொட்டாள். சில்லிட்டிருந்தது. உள்ளே போகிற ரத்தம் திரும்பி வரவில்லை என்றால் இப்படித்தான் ஆகும், உடனே கூப்பிடணும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அவள் கூப்பிடவில்லை.

"விரல் போனா மீனா இருப்பான்னு தோணுச்சுண்ணே," என்று பிறகு என்னிடம் சொன்னாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த சித்தி அந்த விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எம்புட்டுச் செவப்பாப் பிடிச்சிருக்கு பாரு. சின்னவளுக்கும் இப்படித்தான் பிடிக்கும்," என்றாள்.

விரல் கருகிப்போனால் தன் மருதாணிதான் தின்றுவிட்டது என்று அம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள். அது அருணாவுக்கு அந்த நிமிஷம் தெளிவாகத் தெரிந்தது.

"யம்மா, நர்ஸக் கூப்பிடு. இது குளுந்து கெடக்கு."

சினேகா குத்தினாள். நாவற்பழச் சாறு மாதிரி கறுப்பாக, மெதுவாகக் கசிந்தது. திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், அடைத்திருந்த குழாயைத் திறந்து மறுபடி தைத்தார்கள். விரல் பிழைத்தது.

நான் தினமும் விரலைக் காட்டச் சொல்வேன். திரையில் அது ஒருநாள் நீலமாகத் தெரியும், ஒருநாள் சாம்பலாகத் தெரியும். "போனு கோளாறுண்ணே, விரல் நல்லாருக்கு," என்பாள். நம்பாமல் ஜன்னல் பக்கம் போகச் சொல்வேன்.

கைக்குப் பயிற்சி கொடுக்கிற புகழேந்தி புது விரலைப் பஞ்சால் தடவினால் அவளுக்குக் காலில் கூசும். "அது இன்னும் கால்லதான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்குக்கா," என்று அந்தப் பையன் சிரிப்பான். இப்போது அந்தக் கையால் சாவி திருப்புகிறாள், மாவு பிசைகிறாள். காலுக்கும் ஒரு பயிற்சி உண்டு, பாதத்தை முழுசாக ஊன்றி வேகமாக நடக்க. அதை மட்டும் செய்ய மாட்டேன் என்கிறாள்.

பாண்டிமீனாவைப் பற்றிக் கேட்க எனக்குப் பயமாகவே இருந்தது. போன வாரம் அருணா பஸ் ஸ்டாப்பில் நின்று பேசியபோது கேட்டே விட்டேன். இன்னும் பிடித்திருக்கிறாளா?

"கையில இல்லண்ணே. ரெண்டாவது தடவ தியேட்டருக்குப் போயிட்டு வந்ததுலருந்தே இல்ல." போனைக் கீழே திருப்பினாள். செருப்புக்குள் பாதம். பெருவிரலுக்கு அடுத்து ஒரு சந்து. "இப்ப இங்கன பிடிச்சிருக்கா. அம்மாட்டச் சொல்லீறாதீக."

"நடக்க முடியுதா?"

"நடக்கலாம். ஓடுனாத்தான் விட்டுருவா."