ஓட்டம் ஜாஸ்தியா, கம்மியா?

இன்று காலை கள்ளக்குறிச்சியில் ஒரு கார் ஷோரூமுக்குப் போயிருந்தேன். "இனிமே பைக் வேணாம்ப்பா" என்று மகள்தான் விரட்டி அனுப்பினாள்.

பெட்ரோலா டீசலா என்று நானும் என் மனைவி செல்வியும் ஒரு வருஷமாகப் போட்ட சண்டை உங்களில் பலருக்குத் தெரியும்.

அவள் வெள்ளிமலையில் டீச்சர். தினமும் மலையேற டீசல்தான் லாயக்கு என்பது என் கட்சி. "பஸ்ஸுல அந்த வாடைக்கு மூக்கப் பொத்திக்கினு போறது போதாதா? பெட்ரோலே வாங்குங்க" என்பது அவள் கட்சி.

முடிவே ஆகவில்லை. போன மாசம் நெஞ்சுவலி வந்து அவள் இறந்த அன்றும் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போயிருந்தாள்.

"ஓட்டம் எப்பிடி சார், ஜாஸ்தியா கம்மியா?" என்று ஷோரூம்காரர் கேட்டார்.

பழக்க தோஷத்தில், "தெனம் வெள்ளிமலை போயி வரணுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ டீசல்தான் சார்!" என்று ஒரு வண்டியின் கதவைத் திறந்துவிட்டார்.

ஏறி உட்கார்ந்து, பக்கத்து சீட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

"இல்லீங்க, தப்பா சொல்லிட்டேன். இப்ப வூட்டுக்கும் கடைக்குந்தான். ஓட்டம் கம்மி."

"அப்போ பெட்ரோலே போதும் சார். உள்ள உக்காந்தா சத்தமே கேக்காது."

கடைசியில் செல்விதான் ஜெயித்தாள்.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், உள்ளே கொஞ்சமாவது சத்தம் கேட்குமா? வீட்டில்தான் அறவே இல்லை.