தறித்துணி ஒட்டிய கார்

காலை ஏழு மணிக்கு போன் வந்தது. பேசியது தங்கவேல் அண்ணாச்சி. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிப்பட்டறைக்காரர்.

"பெயிண்டரே, கார் மேல போர்த்துன துணி வர மாட்டேங்குது. உடனே வாரும்."

முப்பது வருஷமாக ராஜபாளையத்தில் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். கதவு திறக்கவில்லை, கண்ணாடி இறங்கவில்லை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். துணி வரவில்லை என்று யாரும் கூப்பிட்டதில்லை.

அண்ணாச்சியின் சில்வர் காருக்கு இருபது வயது. சில நாள் முன்புதான் அதை என்னிடம் காட்டியிருந்தார். பெயிண்டுக்கு மேலே பளபளப்புக்கு அடிக்கிற கிளியர் கோட், கூரையிலும் பானட்டிலும் தோலாக உரிந்துகொண்டிருந்தது. முழு பெயிண்ட் அடிக்க, தூசி படாமல் அடிக்கிற என் பூத் அறை ஒரு மாசம் கழித்துத்தான் காலி. அதுவரை தாங்க, உரிகிற ஓரங்களை வாட்டர் பேப்பரில் தேய்த்து ஒரு கோட் கிளியர் அடித்துத் தருகிறேன் என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு? வெயில் படாம மூடி வச்சாப் போதும்லா? நம்ம வீட்டுல இல்லாத துணியா?" என்றார். நானும் தலையாட்டினேன். எந்தத் துணி என்று கேட்கவில்லை. அதுதான் நான் செய்த மடத்தனம்.

இப்போது போய்ப் பார்த்தால், தறியில் இருந்து இறங்கிய துணியை அலசாமல் எட்டு மடிப்பாகப் போர்த்தியிருக்கிறார். நூலுக்குப் போட்ட கஞ்சி முழுக்க அதில் இருக்கிறது. மழையில் கஞ்சி கரைந்தது, வெயிலில் காய்ந்து பசையானது. தண்ணீர் ஊற்றி ஊற வைப்போம் என்று நான் சொல்வதற்குள் அண்ணாச்சி ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். துணி வந்தது. கிளியரும் கூடவே வந்தது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று பதினோரு மணிக்கு மகளுக்கு வளைகாப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், சம்பந்தி வீட்டில்.

"இந்தச் சொறி நாய வச்சுக்கிட்டு அவிய வாசல்ல எப்படிய்யா இறங்குவேன்? கல்யாணத்துலயே ஓட்ட வண்டின்னு ஜாடை பேசுனவிய. வேற வண்டில போனா, கார் எங்கன்னு கேப்பாவ."

ராஜபாளையத்துப் பக்கத்து ஆள் நாயை இப்படிப் பேசினால் நிலைமை நிஜமாகவே மோசம்.

மிச்சமிருந்த கிளியரையும் சுரண்டி, எல்லா இடத்தையும் ஒரே மங்கலாகத் தேய்த்தேன். புதுக் கிளியர் அடித்தால் காய நேரமில்லை. "கேட்டா மாட் ஃபினிஷ்னு சொல்லுங்க, இப்ப அதான் ஃபேஷன்" என்றேன். தைரியத்துக்கு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்.

வாசலில் சம்பந்தி பட்டு வேட்டியில் நின்றார். "என்ன அண்ணாச்சி, வண்டி புது தினுசா இருக்கு?"

"மாட் ஃபினிஷ்" என்றார் அண்ணாச்சி, கூசாமல்.

சம்பந்திக்குப் பிடித்துப்போனது. பானட்டில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். தேய்த்த சில்வர் தூளை நான் சரியாகத் துடைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் திரும்பி நடந்தபோது பின்பக்கம் இரண்டும் வெள்ளியாக மின்னின. வளையல் தட்டோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள். அண்ணாச்சி மகள் பொத்தவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அண்ணாச்சி எல்லா உண்மையையும் கொட்டிவிட்டார், கஞ்சிக் கதை உட்பட. சம்பந்தி வேட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒரு தார்ப்பாயைத் தூக்கினார். உள்ளே அவர் கார். கூரை எங்களுடையதைவிடக் கேவலமாக உரிந்திருந்தது.

"நீங்க வாரீயன்னுதான் இங்கன ஒளிச்சு வச்சேன்" என்றார். என் பக்கம் திரும்பி, "பெயிண்டரே, இதுக்கு எம்புட்டு நாளாகும்?"

அந்தக் கூரையைப் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி வளைகாப்புச் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார்.

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: தற்காலிக வேலைதானே என்று விடாதீர்கள். ஓரம் தேய்த்து, தூள் துடைத்து, கிளியர் காய்ந்த பிறகே சாவியைக் கொடுங்கள். நேரமில்லை என்று கெஞ்சுகிற கஸ்டமரை பஸ் ஏற்றி விடுங்கள். கூடவே நீங்கள் ஏறிப் போகாதீர்கள்.